மறு கை

என் பதவி உயர்வு விண்ணப்பங்களை ஏழு முறை திருப்பி அனுப்பிய அதே கையால் இன்று எனக்குக் கேடயம் வழங்கிய விழாத் தலைவரே, எங்கள் மருந்துக் கிடங்கின் மேலாளர் அவர்களே! எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, எனக்கு முன்னால் உயர்ந்து, முன்வரிசையை நிறைத்திருக்கும் அதிகாரிகளே! பெட்டி சுமந்து தோள் காய்த்த பெரியவர்களே! இங்கே வேலை முடிந்தும் வீட்டில் வேலை முடியாத தாய்மார்களே! கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருக்கும் என் தங்கையே! அனைவரையும் வணங்குகிறேன்.

கைதட்டலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் மனம் மாறிவிடும்.

சாப்பாட்டு இடைவேளையில் தற்காப்பு! பதினைந்தே நிமிடத்தில் பாதுகாப்பு! எங்கள் பயிற்சி இனி எல்லாக் கிளைகளுக்கும் போகிறதாம். அதற்குத்தான் இந்தப் பாராட்டு விழா. நான் பாராட்ட வரவில்லை.

போன வருடம் ஒரு பயிற்சியாளர் மூன்று நாள் வந்தார். ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். மணிக்கட்டைப் பிடித்தால் பிடித்தவனின் கட்டைவிரல் பக்கம் திருப்பி இழு, இழுத்ததும் ஓடு. அவ்வளவுதான். அவர் போனபின் நாங்களே தொடர்ந்தோம். அரை மணி கேட்டேன். "ஏன், உயிர் போற அவசரமா?" என்று கேட்டுத் தலைவர் கால் மணி கொடுத்தார்.

பிடிக்கும் முரடனாக யார் நிற்பது? லேபிள் ஒட்டும் பிரிவில் ஒரு குரல்: "சாரையே நிக்கச் சொல்லுங்கடி. மூஞ்சிக்கு வேஷமே வேணாம்!" சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தீர்கள். நின்றேன்.

நாற்பது பேர், பதினைந்து நிமிடம். ஒவ்வொருவரும் கதவுவரை ஓடித் திரும்பினால் நேரம் ஏது? இரண்டு பட்டம் பெற்ற என் மூளை ஒரு வழி கண்டது. ஓட்டத்தை வெட்டினேன். விடுபட்டதும் அங்கேயே நில், இடது கையை நீட்டு, அதையும் பிடிக்கிறேன். "இழு! விட்டாச்சு! மறு கை!" ஆறு மாதம் கத்தினேன். இழு, விட்டாச்சு, மறு கை. எத்தனை சுருக்கம், எத்தனை சுறுசுறுப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. சரக்கு லிஃப்ட் அருகில் முகத்தை மூடிய ஒருவன், அந்த நாற்பது பேரில் ஒருத்தியான என் தங்கையின் வலது கையைப் பிடித்தான். கேமராப் பதிவில் சத்தம் இல்லை; பதினோரு வினாடிகள்தான். இரண்டாம் வினாடியில் விடுபட்டுவிட்டாள். கதவு நான்கடி தூரம். திறந்திருக்கிறது. ஓடினாளா? கத்தினாளா? இல்லை. நின்றாள். மருத்துவரிடம் நாடி பார்க்க நீட்டுவதுபோல், இடது கையை நீட்டினாள்.

அவனே ஓரடி பின்வாங்கினான். பயந்தது அவன்! பிறகு மெதுவாக அந்தக் கையைப் பிடித்தான். பிடித்து முறுக்கினான். லிஃப்ட் திறந்து ஆட்கள் வந்ததால் ஓடினான். அவளுடைய சுண்டுவிரல் இன்றும் மடங்குவதில்லை.

"ஏம்மா நீட்டின?" என்றேன்.

"நான் எங்கண்ணா நீட்டினேன்? உன் குரல் கேட்டுச்சு. கை போயிடுச்சு."

அவளுக்கு மட்டும்தானா? போன மாதம் வருகைப்பதிவு இயந்திரத்தின் முன் நெரிசல். தடுமாறி ஒரு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அவர் பக்கத்துப் பெண்ணிடம் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வலது கை உதறியது. இடது கை என் முன் நீண்டது. பேச்சு நிற்கவில்லை! அந்தக் கையை அவர் பார்க்கவும் இல்லை! யார் அந்த அம்மா என்று தேடாதீர்கள். உங்களில் பலரிடம் சோதித்துப் பார்த்துவிட்டேன். சற்றுமுன் தலைவர் என் வலது கையைப் பிடித்துக் குலுக்கினாரே, என் இடது கை எங்கே போனது? அதுவும் அவர் முன் நீண்டது. வேடிக்கை என்று சிரித்தீர்கள். நான் வேடிக்கை காட்டவில்லை, தாய்மார்களே!

மணி அடிக்கிறீர்களா தலைவரே? நேரம் ஆயிற்றா? நேரத்தை மிச்சப்படுத்தி நாம் எதை வளர்த்திருக்கிறோம்? பிடிப்பவனுக்குக் காத்து நிற்கும் நாற்பது கைகளை! இதையா எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப்போகிறீர்கள்? வெட்டியதைத் திரும்ப ஒட்டுங்கள். பயிற்சி முடியும் இடம் கை அல்ல, கதவு! பத்துப் பேர்தான் பயில முடியுமா? பத்துப் பேர் பயிலட்டும். ஆனால் ஓடட்டும்!

இப்போதே செய்வோம். எழுந்திருங்கள். பக்கத்தில் இருப்பவரின் வலது கையைப் பிடியுங்கள். என் தங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா, நீங்களும் பிடியுங்கள். தயங்காதீர்கள். இழு! விட்டாச்சு! கதவுக்குப் போங்கள். பெரியவர்கள் நடந்தால் போதும். பிடித்தவர்களும் போகலாம். திரும்பிப் பார்க்காதீர்கள்.

நாற்காலிகள் காலியாகின்றன. தலைவரே, நீங்கள் இருங்கள். உங்கள் கையைத்தான் யாரும் பிடிக்கவில்லையே.

தங்கச்சி, நீ மட்டும் ஏன் நிக்கிற? அக்கா கூடப் போயிட்டாங்க. யாருக்கு நீட்டுற அந்தக் கையை? உன் முன்னால யாரும் இல்லம்மா. இது என் குரல்தான். அன்னைக்குச் சொன்ன அதே வாய்தான் சொல்லுது. கையை இறக்கு. இறக்கு. இன்னும் கொஞ்சம். ஆங். கதவு உனக்குப் பின்னாலதான் இருக்கு. திரும்பு. போ.

போய்விட்டாள்.

பொறுமையாகக் கேட்ட காலி நாற்காலிகளுக்கு நன்றி. வெளியே போனவர்களுக்கு என் வணக்கம்.