டயானாவின் முடி ஏன் தேர்வுக்கு வரவில்லை

தேங்காய் எண்ணெய் மீது எனக்கு இப்போதும் எந்தக் குறையும் இல்லை. நல்ல எண்ணெய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாய்மா மேடம். நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அதன் மீது பழி போட்டுவிடுவீர்கள்.

மயிலாப்பூரில் நீங்கள் நடத்தும் அழகுக்கலை மாலை வகுப்பின் செய்முறைத் தேர்வுக்கு எல்லோரும் ஆளுக்கொரு சுருட்டை முடிக்காரியை மாடலாக அழைத்து வந்தார்கள். இத்தனை வாரம் சூடு வைத்து நேராக்கியும் முடி உடையவில்லை என்று காட்ட வேண்டும். நான் என் அக்கா டயானாவை மொட்டைத் தலையோடு அழைத்து வந்தேன். "ரோஸி, முடி எங்க?" என்று கேட்டீர்கள். வகுப்பே சிரித்ததில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீடு நொச்சிக்குப்பத்தில். அம்மா தேசம்மா சாலையோரத்தில் மீன் விற்கிறாள். அக்கா தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். எங்கள் இருவருக்குமே பிறவிச் சுருட்டை. பள்ளிக்கூடத்தில் அக்காவை 'பாத்திரம் தேய்க்கிற நாரு' என்று கூப்பிட்டார்கள். அதை அவள் மறக்கவில்லை. சைதாப்பேட்டை ஆண்டனியோடு கல்யாணம் பேசி முடித்ததும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நிச்சயத்து போட்டோல மட்டும் எனுக்கு முடி நேரா இருக்கணும்டி."

செய்துவிடலாம் என்றேன். எனக்கு என் மேல் நம்பிக்கை குறைவு. அதனால்தான் எதையும் முறையாகச் செய்கிறேன். நீங்கள் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகுதான் ஸ்ட்ரெயிட்னரை எடுத்தேன். முடியை மெல்லிய பாகங்களாகப் பிரித்தேன். ஒரு பாகத்தில் ஒரே ஒரு முறைதான் இழுத்தேன். சூடு வைக்கும் முன் தடவ வேண்டிய சீரத்தை மட்டும் நீங்கள் கொடுத்த குப்பியிலிருந்து கொஞ்சம் தாராளமாகத் தடவிவிட்டேன் போலிருக்கிறது. சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

உங்களிடம் இன்னொன்று கேட்டிருக்கலாம். அதற்குள்ளா தீர்ந்தது என்று நீங்கள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு வகுப்புகள் போய்விட்டன. அப்புறம் வீட்டில் தோசை ஊற்றும்போது தோன்றியது. கல்லில் எண்ணெய் தடவினால் தோசை பிய்யாமல் வருகிறது. சூட்டுக்கும் மாவுக்கும் நடுவே எண்ணெய் நிற்கிறது. சூட்டுக்கும் முடிக்கும் நடுவே சீரம் செய்வதும் அதைத்தானே. குப்பியைக் கழுவி, தேங்காய் எண்ணெயை ஊற்றி வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. குப்பியைப் பார்த்தால் அவளுக்கு ஒரு தைரியம் வரும்.

முதல் நாள் முடி பளபளவென்று வந்தது. புகை வந்தது. ஆவி என்று நினைத்துக்கொண்டேன். வாசலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"இன்னாடி தீயுது? இன்னிக்கு நம்ம வூட்ல மீனே ஆக்கலியே."

"பக்கத்து வூட்லமா" என்றேன்.

பிடரியில்தான் முதலில் உடைந்தது. விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாகச் சீப்பில் வந்தது. எண்ணெய் போதவில்லை என்று முடிவுசெய்து இன்னும் தடவினேன். இன்னும் உடைந்தது. தன் பிடரியை யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது, மேடம். அது பெரிய வசதி. கண்ணாடியை நான்தான் பிடித்தேன். அடர்த்தியாக இருந்த பக்கமாகவே பிடித்தேன். அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் கையை வைத்துப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி ரோஸி, பின்னாடி ஒண்ணுமே இல்லாத மாறி கீது?"

"லேயர் கட்டுக்கா. அப்டித்தான் இருக்கும்."

"நான் எப்போடி கேட்டேன் லேயர் கட்டு? நாளிக்கு உங்க மேடமாண்ட காட்றேன், இரு."

நீங்கள் மோந்து பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவீர்கள். யார் மாடலின் முடி உடையாமல் இருக்கிறதோ அவரை அடையாற்றில் உங்களுக்குத் தெரிந்த பார்லருக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொல்லியிருந்தீர்கள். ஆனால் நான் அதை நினைக்கவில்லை. நான் நினைத்ததெல்லாம் அக்காவைப் பற்றித்தான். உடைந்த முடியோடு நிச்சயத்தில் நின்றால் பழைய பெயர் திரும்ப வரும். இல்லாத முடி உடையாது.

அன்று சாயங்காலம் அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். போன வருஷம் அக்கா ஜுரத்தில் கிடந்தபோது, பிழைத்தால் முடி தருகிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டதைக் கேட்டேன் என்றேன். அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே இருந்த அக்காவைக் கூப்பிட்டாள்.

"மாதாவாண்ட சொல்லிட்டு, நேராக்கிக்கினு சோக்கு காட்டிக்கினு திரியிறியா?"

"நான் எப்போமா சொன்னேன்?"

"ஜுரத்துல சொன்னதுலாம் உனுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது? அதான் இவ கேட்டுக்கினு இருந்தாளே."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ சொன்னேக்கா" என்றேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெசன்ட் நகர் மாதா கோயிலிலேயே ஏதாவது காணிக்கை செலுத்திவிடலாம் என்று அக்கா கெஞ்சினாள். சொன்ன இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மா எங்கள் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டாள். வேளாங்கண்ணியில் மொட்டை போடுகிறவர் பிடரி முடியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, அடுப்புல காட்டுன மாதிரி இருக்கு?"

"அக்காதான் வீட்ல சமையல்" என்றேன். அவர் கத்தியை எடுத்துக்கொண்டார்.

நிச்சயத்தன்று ஆண்டனியின் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. பக்தியுள்ள மருமகள் என்று எல்லோரிடமும் சொன்னார். ஆண்டனி, "வுடு டயானா, சீப்பு செலவு மிச்சம்" என்றார். அக்கா சிரித்தாள். போட்டோவுக்கு மட்டும் முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். யார் சொல்லியும் எடுக்கவில்லை. எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் ஞாபகப்படுத்தலன்னா மாதா கோச்சிக்கினு இருக்கும்டி" என்றாள். அதனால்தான் நான் கூப்பிட்டதும் மொட்டைத் தலையோடு உங்கள் தேர்வுக்கு வந்து உட்கார்ந்தாள். அவ்வளவு நல்லவள்.

நடந்தது இதுதான். குப்பியில் எண்ணெய் ஊற்றியது நான். இல்லாத வேண்டுதலைக் கட்டிவிட்டது நான். ஆனால் தேர்வு நாளன்று அக்கா தலையில் உடைந்த முடி ஒன்றுகூட இல்லை என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுதேர்வு உண்டு என்றீர்கள். எங்கே தவறினேன் என்று நன்றாக யோசித்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் புகைகிறது. கடலை எண்ணெய் இன்னும் சூடு தாங்கும். மீன் வறுக்க அம்மா அதைத்தான் வைத்திருக்கிறாள். இந்த முறை அம்மாவே மாடலாக உட்காரச் சம்மதித்துவிட்டாள். அவளுக்கு இடுப்பு வரைக்கும் சுருட்டை. உடையாது என்றுதான் நினைக்கிறேன்.

உடைந்தாலும் பரவாயில்லை, மேடம். அம்மாவுக்கும் ஒருமுறை ஜுரம் வந்திருக்கிறது.