கம்பம் நட்ட ஊரில் சிக்கிய மாப்பிள்ளை

மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு இரண்டு லாரி வாங்கியவன் நான். ஆனாலும் சத்தியமங்கலத்துக்கு பஸ்ஸில்தான் போவேன். நாலு பேச்சுக் காதில் விழும். அன்று முன்சீட்டில், மில் வேலை முடிந்து வந்த ஒருவன் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னான்:

"மாமனாரு ஊட்டுல சிக்கிக்கிட்டனுங்க. ஆத்தா உடமாட்டீங்கறா."

"எந்த ஆத்தா? மாமியாளா?"

"மாரியாத்தாளுங்க. கோவிச்சுட்டுப் போன பொண்டாட்டியக் கூட்டியாரப் போனேன். அவ வரமாட்டேன்னு நிக்கறப்பவே ஆத்தா கோயில்ல பண்டிகைக்குக் கம்பம் நட்டுப்போட்டாங்க."

"அப்ப ஊருக்குள்ள இருந்தவன் பண்டிகை முடியற மட்டும் ராத்திரி வெளியூர்ல தங்கக்கூடாதல்லோ!"

"அதானுங்க. பகல்ல மில்லு, பொழுதானா மாமனாரூடு. கம்பம் நட்டா தாளிக்கவும் மாட்டாங்களே, சப்புனு சோறு."

"அம்மணி பேசுதா?"

"மொதல்ல தட்டத்த ணங்குனு வெச்சா. நேத்துக் கம்பத்தச் சுத்தி நான் ஆடுனதப் பாத்துச் சிரிச்சுப்போட்டா."

பெரியவரும் சிரித்தார். "அந்தக் கம்பம் ஆருங்கறே? ஆத்தாளுக்குப் புருசன். பண்டிகை முடிஞ்சாப் புடுங்கிக் கெணத்துல போட்டுருவாங்க."

"மாமனாரும் அதத்தானுங்க சொன்னாரு. அவரு தோட்டத்துக் கெணத்தையும் காட்டுனாரு."

பஸ் நின்றது; அவன் இறங்கினான். ரோட்டோரம் குடமும் வேப்பிலையுமாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, இத்தன நேரமா? கம்பத்துக்குத் தண்ணி ஊத்தப் போகோணும். பண்டிகை முடிஞ்ச மறுநாளே நம்மூட்டுக்குப் போயரலாமுங்க."

பஸ் கிளம்பியது. பெரியவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்:

"கெணத்துக்குத் தப்பிச்சுட்டே, போ கண்ணு!"