வாய்க்காலுக்கு அந்தாண்ட

— அப்ப துபாய், சவுதின்னு சபுர் போயிருக்கிற முன்னூறு பேரையும் மக்கள்தொகைக் கணக்குல எழுத மாட்டீங்க?

— மாட்டேன், பிரசிடெண்ட்டம்மா. ஆறு மாசமா ஊர்ல இல்லாதவங்களைச் சேர்க்கக் கூடாது. ரூல்ஸ்.

— கேளுங்க, பிரின்ஸி டீச்சர். இந்தத் தெருவுல மாடி வீடெல்லாம் யாரு கட்டினது? துபாயில கெடக்கிற எங்க புள்ளைங்க. நீங்க பாடம் நடத்துற ஸ்கூலுக்குப் பெஞ்சுகூட அவங்க வாங்கிப் போட்டதுதான். அவங்க இந்த ஊரு ஆளு இல்லையா?

— ஆளுதான். ஆனா எங்க சோறு தின்னு எங்க படுக்கிறாங்களோ, அங்கதான் எண்ணுவாங்க.

— இப்ப எத்தனை நிக்குது?

— நேத்து வரைக்கும் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு.

— ஐயாயிரம் காட்டலேன்னா தாலுகா ஆபீசைப் பக்கத்து டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. நேத்து மீட்டிங்ல அந்த ஊரு சேர்மன் சிரிக்கிறாரு. பேருதான் தாலுகா தலைமையிடம், பேரூராட்சிகூட இல்ல, நாலு தெருவும் ஒரு வாய்க்காலும்தானேங்கிறாரு. ஆபீஸ் போனா ஜெராக்ஸ் கடை போகும், சாவித்திரி இட்லிக்கடை போகும், அப்புறம் பஸ்ஸும் நிக்காது. நாப்பத்து மூணு பேருக்கு நான் எங்க போவேன்? கபர்ஸ்தான்லேர்ந்தா எழுப்பிக் கூட்டிட்டு வர முடியும்?

— இந்த மேப்பைப் பாருங்க. வடக்கே ஆறு. தெக்கே ரயில் ரோடு. கிழக்கே உங்க கபர்ஸ்தான். மேற்கே?

— வாய்க்கா. அதோட ஊரு முடிஞ்சிது.

— யாரு சொன்னது?

— பொறந்ததுலேர்ந்து எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

— எல்லைக்கல்லு உங்க பழைய ரைஸ் மில்லுக்கும் அந்தாண்ட நிக்குது. காலையில தலையாரி வீரையன் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு.

— நிக்கட்டுமே. மில்லு ஓடி பத்து வருஷம் ஆச்சு. அங்க யாரும் இல்ல.

— யாருமே இல்லையா?

— பைபாஸ் ரோடு போட வந்த ஒரிசாக்காரங்கதான்.

— எப்ப வந்தாங்க?

— ஆடியில. குடும்பம் குடும்பமா வந்தாங்க. தண்ணிக் குழாய்கூட நான்தான் போட்டுக் கொடுத்தேன். பெருநாளைக்கு ஒரு தேக்சா பிரியாணி அனுப்பினேன்.

— இது மாசி. எண்ணிப் பாருங்க.

— ஆடி, ஆவணி... ஏழு மாசம். யா அல்லா.

— அறுபத்தோரு பேரு. ஒவ்வொருத்தரா எழுதிட்டு வந்துட்டேன். கடைசி ஆளுக்கு வயசு பதினோரு நாள்.

— அந்தப் புள்ளைக்குச் சக்கரைத் தண்ணி தொட்டு வச்சதே நான்தான், டீச்சர். எங்க புள்ளைங்களை அங்க எவனாவது மனுஷனா மதிக்கிறானான்னு தெனம் நினைக்கிறவ நான். இவங்களை எண்ணத் தோணலையே எனக்கு.

— நானும்தான். மூணு நாளா வாய்க்கா வரைக்கும் வந்து வந்து திரும்பிட்டேன். இப்ப மொத்தம் ஐயாயிரத்துப் பதினெட்டு.

— இன்னொரு தரம் சொல்லுங்க.

— ஐயாயிரத்துப் பதினெட்டு. உங்க வீட்டை இன்னும் சேர்க்கவே இல்ல.

— வரச் சொல்லுங்க அந்தச் சேர்மனை. சாவித்திரி கடையில டீ நான் வாங்கித் தர்றேன். தாலுகா ஆபீஸ் வாசல்லயே நின்னு குடிச்சிட்டுப் போகட்டும்.

— உங்க ஃபாரத்தையும் எழுதிடலாமா? ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர்னு உங்க வீட்டுக்காரர் ஹபீப் முகம்மது பேருதான் இருக்கு.

— அவரு சவுதியில, தம்மாம்ல மவுத்தாகி மூணு வருஷம். அங்கேயே அடக்கிட்டாங்க. கார்டு சரிபார்க்க வந்தவர்கிட்ட, சபுர்ல இருக்காருன்னு சொல்லிட்டேன். வேற சொல்ல வாய் வரல.

— தெரியும்மா. அவசரம் இல்ல. அந்த இடத்தை அப்புறமா எழுதிக்கலாம்.

— வேணாம், இப்பவே எழுதுங்க. குடும்பத் தலைவர் ஆமினா. ஊர்ல இருக்கிறவ.