பன்னோடு வெந்த படம்

– ஏனுங்க பேக்கரிக்காரரே, கேசட்டக் கேட்டா கேக்கு டப்பாவ நீட்டறீங்க?

– பிரிச்சுப் பாருங்கம்மணி. கேக்கு இல்லீங்க. ஆனா... வெந்ததுதானுங்க.

– அய்யோ! இது... இது நம்ம கடை கேசட்டுங்களா?

– இன்னிக்குக் காலைல வரைக்கும் கேசட்டா இருந்துச்சுங்க.

– அப்பளமாட்ட வளைஞ்சு கெடக்குது! என்னங்க பண்ணுனீங்க?

– பன்னுத் தட்டுல ஓரமா வெச்சிருந்தனுங்க. கண்ணாடியக் கழட்டி வெச்சுப்போட்டு, அதையும் ஒரு பன்னுன்னு நெனச்சுத் தட்டோட அடுப்புக்குள்ள தள்ளிப்போட்டேன். இருபது நிமிசம். பன்னு நல்லாப் பதமா வெந்துச்சு...

– அந்தப் பன்னை என்ன பண்ணுனீங்க?

– ஒண்ணும் விக்கலீங்க. நானே நாலு தின்னு பாத்தேன். இங்கிலீஷ் படம் நம்ம வயித்துக்கு ஆகறதில்லீங்க.

– சிரிக்க வெக்காதீங்க, நான் கோவமா இருக்கறேன். பன்னுத் தட்டுல கேசட்டுக்கு என்னங்க வேலை?

– அது... மாவு பெசையறப்ப பக்கத்துல இருந்தா ஒரு இதுங்க. அட்டைல அந்தக் குண்டு பேக்கரிக்காரன் தொப்பியோட நிக்கறான்ல... கண்ணாடில பாத்தாப்ல இருக்கும். புதுசு வாங்கிக் குடுத்தர்றனுங்க.

– எதுக்குங்க? கேபிள் வந்தபொறகு துடியலூர்ல யாரு கேசட் எடுக்கறாங்க? 'ராமாமணி வீடியோஸ் இன்றோடு மூடப்படுகிறது'ன்னு வெளிய போர்டு தொங்குது. கண்ணுல படலீங்களா?

– பட்டுதுங்க. மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் அதேதான் எழுதியிருந்துது.

– நாளைக்குக் காலைல எங்கண்ணன் நஞ்சுண்டன் சிங்காநல்லூர்ல இருந்து டெம்போ எடுத்துட்டு வாராரு.

– கேசட்ட ஏத்தறதுக்குங்களா?

– கேசட்டு, பீரோ, பெஞ்சு... என்னையும் சேத்துத்தான். தனியா இருந்தது போதும், ஊட்டோட வந்து இருன்னு சொல்றாரு.

– நெம்ப... நெம்ப நல்லதுங்க.

– நல்லதுங்களா?

– இல்லீங்க. வாய்ல வந்துபோச்சு.

– சரி, அதை உடுங்க. பதினேழு சனிக்கிழமை அதே படத்தை எடுத்துட்டுப் போனீங்களே, எப்படிங்க இருந்துச்சு?

– அருமைங்க!

– கல்யாணக் கேக்கு சரிஞ்சு மாப்பிள்ளை தலைல உளுகற எடம்?

– உளுந்து உளுந்து சிரிச்சனுங்க! வயிறே புண்ணாப்போச்சு.

– அந்த எடம் நானா இட்டுக்கட்டுனதுங்க.

– ...வேற ரீலுல இருக்குமுங்க.

– வீடியோ கேசட்டுக்கு ஏதுங்க வேற ரீலு?

– பேக்கரிப் படம்னா எல்லாத்துலயும் கேக்கு உளுகத்தானுங்க செய்யும்! உங்க கடை டீவில நின்னுக்கிட்டே ரெண்டு பாத்தனே. ஒண்ணுல மாவு பொங்கிக் கதவைத் தள்ளிக்கிட்டு ரோட்டுக்கு வருது. இன்னொண்ணுல ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் கிரீமை எறியறான். எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது. அந்தக் கிரீமை நொரைக்க அடிச்சவன் கை எப்படி வலிச்சிருக்கும்னு...

– பேச்ச மாத்தாதீங்க. அந்தக் கேசட்ட நான் ஒவ்வொரு தடவையும் நடுவுல நிறுத்தித்தான் உங்களுக்குக் குடுப்பேன். திங்கக்கிழமை நீங்க திருப்பிக் கொண்டாறப்ப, நிறுத்துன எடத்துலயே நிக்கும். ஒரு சுத்துக் கூட நகந்திருக்காது.

– 'மொதலுக்கே சுத்தித்தான் திருப்பிக் குடுக்கோணும்'னு ஊருக்கெல்லாம் எழுதி வெச்சுப்போட்டு, எனக்கு மட்டும் நடுவுலயா நிறுத்திக் குடுத்தீங்க?

– உங்களுக்கு மட்டுந்தானுங்க. உங்க ஊட்டுல கேசட் போட்டுப் பாக்க டெக் இருக்குதுங்களா?

– இல்லீங்க.

– டீவி?

– ரேடியோ இருக்குதுங்க. அதும் மழை பேஞ்சா கொரகொரங்கும்.

– அப்பறம் எதுக்குங்க எடுத்தீங்க?

– எடுக்க ஒரு நாளு, குடுக்க ஒரு நாளு... வாரத்துல ரெண்டு நாளு ஆச்சுங்கல்ல. அட்டைல 'பேக்கரிக்காரர், சிரிப்புப் படம்'னு நீங்க கைப்பட எழுதி ஒட்டியிருந்தீங்க. மாவு பெசையறப்ப நான் பாத்தது அந்தக் குண்டனை இல்லீங்க. கையெழுத்தை.

– ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னீங்களா?

– எப்படிங்க சொல்றது? சினிமாவுலயே பேக்கரிக்காரன்னா மூஞ்சில மாவைப் பூசி, தடுக்கி உளுக உட்டுத்தான் காமிக்கறான். பொண்ணு வேற எவன் கூடவோ போயிருது. நாப்பத்தஞ்சு வயசுல, இந்தத் தொப்பைய வெச்சுக்கிட்டு, நான் வந்து என்னன்னு சொல்றது? எனக்கு இருந்த தைரியம் ஒண்ணே ஒண்ணுதானுங்க.

– என்னங்க அது?

– போஸ்ட்மேன் உங்களுக்கு அண்ணா. மில்லுக்காரர் அண்ணா. கடையக் கெடுத்த கேபிள்காரன் கூட அண்ணா! என்னை மட்டும் ஒரு தடவை கூட அண்ணான்னு கூப்புட்டதில்லீங்க. பேக்கரிக்காரரே, பேக்கரிக்காரரேன்னு... பேரு தெரியாதோ என்னமோன்னும் நெனச்சுக்குவேன்.

– லட்சுமணசாமி. தெரியுமுங்க. என்னங்க, கண்ணு கலங்குது?

– மைதாங்க. பறந்து உளுந்துருச்சு.

– வீடியோ கடைல ஏதுங்க மைதா?

– டெக் இல்லாதவன்னு தெரிஞ்சும் நீங்க எதுக்குங்க குடுத்தீங்க?

– கேட்டீங்க, குடுத்தேன்.

– இது பதில் இல்லீங்களே.

– வேற யாராச்சும் அந்தப் படத்தைக் கேட்டா, வெளிய போயிருக்குதுன்னு சொல்லிப்போடுவேன். அது பாட்டுக்கு அலமாரில இருக்கும்.

– எதுக்குங்க?

– சனிக்கிழமை நீங்க வந்து, படம் இல்லைன்னு திரும்பிப் போயிட்டீங்கன்னா... ஏனுங்க, இப்படிக் கொடைஞ்சு கொடைஞ்சு கேக்கறீங்க!

– கோவிச்சுக்காதீங்க. கடைசில அந்தக் குண்டன் என்னங்க ஆகறான்? பொண்ணு அவன்கூடப் போகுதா, இல்லியா?

– எனக்கும் தெரியாதுங்க.

– கடைக்காரி நீங்களே பாக்கலீங்களா?

– பாதி பாத்தனுங்க. மூஞ்சி பூரா மாவோட அவன் திருதிருன்னு முழிச்சான். சத்தமாச் சிரிச்சுப்போட்டேன். எங்கூட்டுக்காரரு செத்து ஒம்பது வருசத்துல அப்படிச் சிரிச்சது அன்னிக்குத்தான். சிரிச்சுக்கிட்டே பக்கத்துல திரும்புனேன்... காலி சேரு. அப்படியே நிறுத்திப்போட்டேன்.

– அந்த எடத்துல நிறுத்தித்தான்... எனக்குக் குடுத்தீங்களா?

– ஆமாங்க. மிச்சத்தை நீங்க பாத்துப்போட்டு வந்து சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு திங்கக்கிழமையும் நெனப்பேன். நீங்க 'அருமைங்க'ம்பீங்க, போயிருவீங்க.

– இப்ப மிச்சத்தையும் பன்னோட வேக வெச்சுப்போட்டேன்.

– ஆமாங்க.

– ராமாமணி... விளையாட்டு இல்லாமக் கேக்கறேன், இந்த ஒரு தடவை மட்டும். நாளைக்கு டெம்போ வந்தா ஏறிப் போயிருவீங்களா? வளைக்காமச் சொல்லுங்க.

– பீரோ ஏறும், பெஞ்சு ஏறும். நான் ஏறலைங்க. நேத்தே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிப்போட்டேன், கத்துனாரு, கத்தட்டும். டெக்கையும் அனுப்பலை. அந்தப் படத்துக்கு, மிச்சத்தைப் பாக்காமயே ஒரு காப்பியும் எடுத்து வெச்சிருக்கறேன். நீங்க ஒரு டீவி மட்டும் வாங்கி வைங்க... டெக்கைத் தூக்கிக்கிட்டு நான் வாரேனுங்க.