காலுல ஏத்துன மேளம்

இங்க உக்காருங்கய்யா, பெஞ்சில எடமிருக்கு. பத்திரிகைக்கு எழுதுறவரா? அப்ப நல்லாப் பாத்துக்கங்க. நடுவுல, கழுத்துல மாலையோட கதிரையில உக்காந்திருக்கிறதுதான் எங்க தேயிலைத் தோட்டத்துத் தொர. சீமைக்குத் திரும்பிப் போறான். அவன வழியனுப்பத்தான் தோட்டத்துப் புள்ளைங்க ஆட்டம்.

ஆட்டம்னு சொன்னா, சொல்லிக்குடுத்த மேபல் டீச்சருக்குக் கோவம் வரும். இந்தக் கண்டிக்குப் பக்கத்துல அம்பிட்டியக்காரங்க. சங்கீதத்தக் காதுல ஏத்துறதுக்கு முந்தி ஒடம்புல ஏத்தணுமாம். பியானோ மெதுவாப் போனா நடக்கணும், வேகமாப் போனா ஓடணும், நின்னா அப்படியே நிக்கணும். கைக்கு ஒரு தாளம், காலுக்கு ஒரு தாளம். கெட்டிக்காரி.

நானா? தொழிலாளர் சங்கத்து ஆளு. நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தேன்னு தொர என்னய தோட்டத்து லயத்து வீட்ட விட்டு வெரட்டுனான். இது கண்டி மண்டபமா இருக்கப்போயி உள்ள வந்திருக்கேன்.

நம்ம சனத்துத் தாளம் ஒன்னு வேணும்னு டீச்சர் புசல்லாவையில எங்க சங்க ஆபீசுக்கு வந்து என்னயக் கேட்டாங்க. மேசையில தட்டிக் காமிச்சேன். என்னா அழுத்தம், இதுவே போதும்னாங்க. தப்பு மேளம் அடிக்க ஆள் வேணுமான்னேன். வேணாம், புள்ளைங்க காலே போதும்னாங்க. எந்தப் பக்கமாச் சுத்தணும்னாங்க. இடப்பக்கம்னேன்.

அந்தா, பியானோ நின்னுருச்சு. இனிமே காலுதான். பாத்தீங்களா, தொர தலய ஆட்டுறான்! என் நோட்டீசுல ஒரு வரி படிக்காத பய, என் தாளத்துக்குத் தலையாட்டுறான்.

பின்னால நம்ம சனங்க ஏன் எந்திரிக்கிறாங்களா? கங்காணி மூஞ்சியப் பாருங்க, செத்துப்போச்சு. தொரகிட்ட எந்த வாயால சொல்லுவான்? ஆம்பளைங்க தலப்பாவ அவுக்குறாங்க. தனக்கு மரியாதன்னு நெனச்சுத் தொரயும் எந்திரிச்சுட்டான். சிரிக்கிறான்யா!

எழுதிக்கங்க, இது சாவு மேளம். இடப்பக்கமாச் சுத்துறதும் எழவுலதான். டீச்சருக்குத் தெரியாது, பாவம். மாதா கோயிலுக்குப் போற டவுன் வேதக்காரங்க எழவுக்கு பேண்டுதான் வாசிப்பாங்க. புள்ளைங்களுக்கு மொத நாளே வெளங்கிருச்சு. ஒன்னுகூட வாயத் தொறக்கல.

எனக்கு என்னா பகையா? பெருசா ஒன்னுமில்லய்யா. எம் பொண்டாட்டி வடிவம்மா செத்தன்னைக்கு, மேளச் சத்தம் கேட்டா மலையில கொழுந்தெடுக்குறது நின்னுரும்னு, தப்பப் புடுங்கி அடுப்புல போட வச்சான். வெறுங்காலடிச் சத்தத்தோட தூக்கிட்டுப் போனோம்.

அன்னைக்கு நின்ன மேளம்தான் இது. கொஞ்சம் சும்மா இருங்க, கேப்போம்.