தளிர் கிள்ளச் சொன்ன தலைவருக்கு

நாற்றங்காலின் நாயகரே! நாவன்மையால் நற்பெயர் நாட்டியவரே! வருவோர்க்கெல்லாம் வாய்நிறையச் சிரித்து, வரும் பழிக்கெல்லாம் வேறு வாசல் காட்டிய வல்லவரே! இன்றோடு பணி நிறைவு பெறும் எங்கள் மேலாளர் ஐயா அவர்களே, வணக்கம்!

கடல் கடந்து கன்று கொணர்ந்த கடமை வீரர் தாங்கள். வேகமாக வளரும் தைல மரமாம். தனிக் கொட்டகையில் ஒரு நாள்கூடத் தள்ளி வைத்துப் பார்க்காமல், நேரே நாற்றுப் பாத்திக்கு அனுப்பினீர்கள். அந்தக் கன்றுகளோடு கடுகிலும் சிறிய குளவியொன்றும் வந்தது. ஆண் துணை வேண்டாது பெருகும் அந்தப் பெண் குளவி, தளிரிலையின் நடுநரம்பில் முட்டையிடும். நரம்பு புடைத்து முடிச்சாகும். முடிச்சுக்குள்ளே புழு தின்று வளரும். பச்சை முடிச்சு சிவக்கும். சில மாதங்களில் ஊசித்துளை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். வந்ததும் அது தேடுவது இன்னொரு தளிரை.

முதல் முடிச்சைக் கண்டு தங்கள் அறைக்கு ஓடி வந்தவர், நாங்கள் அக்கா என்றழைக்கும் நாற்றுப் பிரிவுக் கண்காணிப்பாளர்.

"சார், இலையெல்லாம் வீங்கிக் கிடக்கு. லாரில ஏத்த வேணாம் சார், எரிச்சிடலாம்" என்றார்.

தாங்கள் தலை நிமிராமலே திருவாய் மலர்ந்தீர்கள்: "நாளைக்குப் பெரிய ஆபீசருங்க வர்றாங்க. வீங்கினதைக் கிள்ளிப் போட்டுட்டுப் போம்மா. எரிக்கணுமாம், எரிக்க!"

ஆகா, என்னே தங்கள் மதிநுட்பம்! ஆய்வு வரும்போதெல்லாம் கிள்ளினோம். கிள்ளிய கணுவெல்லாம் கொத்துக் கொத்தாய்த் துளிர்த்தது. குளவிக்குப் பந்தி போட்டது போலாயிற்று. கிள்ளியதைக் கொட்டகைக்குப் பின்னால் குவித்தோம், அங்கிருந்தும் பறந்தது. இன்று நம்மிடம் கன்று வாங்கியவர் தோப்பெல்லாம் கூனிக் குறுகிக் குச்சியாய் நிற்கிறது. வயிறு எரிகிறது ஐயா.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். "எனக்கு யாருமே சொல்லலையே" என்று மேலிடத்தில் சாதித்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள். முடிச்சை மறைத்ததாகப் பழி சுமந்து, அக்கா தற்காலிகப் பணிநீக்கத்தில் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார். அடுத்த வாரம் விசாரணை. தோற்றால் வேலை போய்விடும். பிள்ளைகள் இரண்டும் இன்னும் படிப்பை முடிக்கவில்லை. நாங்கள் சாட்சி சொல்லத்தான் போகிறோம். ஆனால் உண்மை உத்தரவிட்டவர் வாயால் வந்தால்தான் எடுபடுமாம்.

இன்னும் சற்று நேரத்தில் ஏற்புரைக்காக ஒலிவாங்கி தங்கள் கைக்கு வரும். சபையறிய, தங்கள் வீட்டாரும் கேட்க, "கிள்ளச் சொன்னது நான்தான்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். சொன்னால், இதைக் கிழித்தெறிந்துவிட்டு மனமார வேறொரு மடல் எழுதித் தருகிறோம். சொல்லாவிட்டால், இதையே கண்ணாடிச் சட்டமிட்டுத் தருகிறோம், கூடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

எதுவாயினும், தாங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும்! நினைவு தப்பாமல், நா குழறாமல், விசாரணை எத்தனை முறை தள்ளிப்போனாலும் படியேறி வந்து பதில் சொல்லும் தெம்போடு வாழ வேண்டும்!

இங்ஙனம்,
நாற்றங்கால் பணியாளர்கள்,
ஒருவர் நீங்கலாக.