கிருபாநிதியின் கைக்குப் பத்தாத பட்டை

அவை நடுவே அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! மருந்தோடு மனத்தையும் தருகிற டாக்டர் ஐயா அவர்களே! அலையோடு மல்லாடி அடுப்பெரிக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையோடு மணலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அற்புதமணியின் வணக்கம்.

என் மகன் கிருபாநிதி தோணியில் பருத்திப் பொதி ஏற்றுகிறவன். அவனுக்கு இருப்பது கையா? பனையின் தூர்! அந்தக் கைதான் எங்கள் வீட்டின் சோறு. போன மாசியில் இந்த ஆஸ்பத்திரியில் சுமைக்காரர்களுக்குச் சோதனை நடந்தது. கையில் பட்டை சுற்றினார்கள், காற்றடித்தார்கள், பாதரசம் பாய்ந்தேறியது. "ரத்தக்கொதிப்பு! இனிப் பொதி தூக்காதே" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்தவன் பாயில் படுத்தான். உப்பளத்து ஊரிலே உப்பில்லாக் கஞ்சி குடித்தான். "மச்சான், பலமா இருமாதேயும், நரம்பு தெறிச்சிரும்" என்றான் பார்க்க வந்தவன் ஒருவன். இருமலையும் விழுங்கினான் என் பிள்ளை! சிரிக்கிறீர்களா அம்மாமாரே? சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்றவள் நடமாட, பிள்ளை படுத்துக் கிடப்பதா?

அவன் மகள் ஜெபசெல்வி நாசரேத்தில் நர்ஸ் படிக்கிறவள். ஆமாம், என் பேத்திதான்! பெருமைப்படாமல் இருப்பேனா? லீவுக்கு வந்தவள் அப்பாவை இதே டாக்டர் ஐயாவிடம் கூட்டிப்போனாள்.

"ஐயா, அப்பா கை தடிமனுக்கு இந்தப் பட்டை பத்தாது. தொடையில சுத்துத பெருசு இருக்கா?"

ஐயா கோபிக்கவில்லை. பெரிய பட்டையைச் சுற்றினார். பாதரசம் பதறாமல் சரியான அளவில் நின்றது. மறுபடி பார்த்தார். மறுபடியும் நின்றது! உடனே பழைய பட்டையைப் பிரித்தார். உள்ளே ரப்பர்ப் பை பாதியாய் மடங்கிக் கிடந்தது. கிழிந்த உறையைத் தைக்கக் கொடுத்தது யாரிடம்? தோணிப் பாய் தைக்கும் அம்புரோஸிடம். ஆளனுப்பியதும் ஓடி வந்தார்.

"காத்துக்குத் தாங்கணும்னுல்லா ரெட்டை மடிப்புப் போட்டேன்! புயலே அடிச்சாலும் கிழியாது, பாத்துக்கிடும்!"

பாய்க்குப் போடும் மடிப்பைப் பட்டைக்கும் போட்டுவிட்டார். பட்டை குறுகியது, இல்லாத கொதிப்பைக் காட்டியது, பருத்த கைக்காரன் எல்லாம் நோயாளி ஆனான். அவரை நோகாதீர்கள். அன்போடு தைத்த தையல் அது.

"ஏளா, அப்போ நான் சாவ மாட்டேனா?" என்று மகளைக் கேட்டான் கிருபாநிதி. "பசிக்கி, உப்புப் போட்டுக் கஞ்சி தா" என்றான் அடுத்த வாயில்.

செய்தி தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டு இசக்கித்தாய், முருங்கைக்காய்க் கைக்காரி, ஓடிப்போய், "எனக்கும் கொதிப்புன்னாவ. அந்தப் பெரிய பட்டையே சுத்தும் ஐயா!" என்றாள். ஐயா மறுத்துவிட்டார். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை, இருக்கிற நோயையும் இல்லையென்று மறைத்துவிடுமாம். அவள் கைக்கு அளவானதைச் சுற்றினார். கொதிப்பு உண்மைதான். அழுதாள். இன்று உப்பைக் குறைத்து, ஓய்வெடுத்து, மருந்து குடித்து, முன்வரிசையில் இருக்கிறாள். "என் கதையையும் சொல்லும், அக்கா" என்று என்னை மேடைக்கு அனுப்பியவளும் அவள்தான்!

தாய்மார்களே! குறைத்துச் சொல்லும் பட்டை வேண்டுமா? கூட்டிச் சொல்லும் பட்டை வேண்டுமா? வேண்டாம்! கையைப் பார்த்துப் பட்டையை எடுக்கட்டும்! குழந்தைக் கைக்கு ஒன்று, கூலிக்காரன் கைக்கு ஒன்று, இசக்கித்தாய் கைக்கு ஒன்று இந்த ஆஸ்பத்திரியில் இருக்கட்டும்! தலைவர் அவர்களே, வாங்கித் தருவீர்களா? தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்! நாளை உங்கள் கையை நீட்டும்போது கூசாமல் கேளுங்கள்: "ஐயா, இது என் கைக்குச் சரிதானா?"

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் வீட்டுக் கைகளெல்லாம் நலமாய் உழைக்கட்டும். வணக்கம்.